ஆர்கேட்டா: ஒரு சின்ன ஊர், அதன் கழிவுநீர், அது போட்ட சண்டை

மலசலகூடத்தில் தண்ணி ஊற்றிவிட்ட பிறகு அது எங்கே போகிறது? எங்களில் அநேகம் பேர் இதை ஒருநாளும் கேட்பதில்லை. குழி நிரம்பினால் பவுசர் வரும், உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகும். எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், "உனக்கேன் இப்ப அந்தக் கதை?" என்றுதான் பதில் வரும். துப்புரவு, ஆசாரம் எண்டு இவ்வளவு கதைக்கிற நாங்கள் கழிவைப் பற்றிக் கதைக்க மட்டும் கூச்சப்படுகிறோம்.

ஆனால் ஒரு ஊரின் வரலாற்றைக் கழிவுநீரின் வழியாகவும் வாசிக்கலாம். யாருடைய நிலத்தில் ஊற்றினார்கள், யார் காசு கட்டினார்கள், யார் முடிவெடுத்தார்கள், யார் நாற்றத்தோடு வாழ்ந்தார்கள் என்று கேட்டுக்கொண்டு போனால் அதிகாரத்தின் வரைபடமே தெரிந்துவிடும். அப்படி ஒரு வாசிப்புக்காக, கலிஃபோர்னியாவின் வடக்குக் கரையில் இருக்கும் ஆர்கேட்டா என்ற சின்ன ஊரை இங்கே எடுத்துக்கொள்கிறோம். கழிவுநீரைச் சதுப்புநிலத்தில் விட்டுச் சுத்திகரிக்கும் ஊர் என்று சூழலியல் வகுப்புகளில் அதன் பெயர் அடிபடும். புல் தண்ணீரைச் சுத்தமாக்கியது என்று கதையை அத்தோடு முடித்துவிடுவார்கள். அந்தப் புல்லை நடுவதற்கு ஊர் போட்ட சண்டை கதையில் வராது. எங்களுக்கு அந்தச் சண்டைதான் முக்கியமாகப் படுகிறது.

குடாவின் கரையில்

ஆர்கேட்டா சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஏறக்குறைய 450 கிலோமீற்றர் வடக்கே, ஹம்போல்ட் குடாவின் வடக்கு முனையில் இருக்கிறது. குடா என்றாலும் ஆழமில்லை. நீண்ட மணல்திட்டு பசிபிக் சமுத்திரத்திலிருந்து அதைப் பிரிக்கிறது. நடுவில் ஒரு வாய் மட்டும் திறந்திருக்கும். வற்று நேரத்தில் பெரிய பரப்பு வெறும் சேறாகக் கிடக்கும். எங்கட களப்புகளைப் பார்த்தவர்களுக்கு இந்த நில அமைப்பை மனதில் கொண்டுவருவது கஷ்டமில்லை.

அங்கே காலங்காலமாக வாழ்ந்தவர்கள் வியோட் மக்கள். தங்க வேட்டைக் காலத்தில், 1850இல், சுரங்கங்களுக்குச் சாமான் அனுப்பும் துறைமுகமாக வெள்ளையர்கள் இந்த ஊரை நிறுவினார்கள். அப்போது அதன் பெயர் யூனியன். 1860இல்தான் ஆர்கேட்டா ஆனது. அதே 1860இன் பெப்ரவரியில், குடாவின் நடுவே இருக்கும் துலுவாட் தீவில் வருடாந்தச் சடங்குக்காகக் கூடியிருந்த வியோட் மக்களை வெள்ளையர் கூட்டமொன்று இரவோடிரவாக வெட்டிக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், பிள்ளைகள், வயோதிபர்கள். பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான பிரெட் ஹார்ட் அப்போது யூனியனில் ஒரு பத்திரிகையில் வேலை செய்துகொண்டிருந்தார். கொலையைக் கண்டித்து எழுதினார். கொஞ்ச நாளில் ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று. கொலைகாரர்கள் எவரும் தண்டிக்கப்படவில்லை.

கழிவுநீர்க் கதைக்குள் இது ஏன் வருகிறது என்று கேட்கலாம். குடாவோடு வாழ்ந்தவர்களை அப்புறப்படுத்திய பிறகுதான் குடா வேறொரு பொருளாக மாறியது. உவர்ச் சதுப்புகளுக்குக் குறுக்கே அணை கட்டி மாடு மேய்க்கும் தரையாக்கினார்கள். செம்மரக் காடுகளை வெட்டி மரம் ஏற்றினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மர ஆலைகள் பெருகின. கரையோரத்தில் மரக்குற்றிகளை மிதக்கவிடும் குளங்கள் வந்தன. ஊர்க் குப்பையைக் கொட்டிய மேடும் குடாவின் ஓரத்திலேயே எழுந்தது. அது 1973 வரை இயங்கியது. வீட்டின் முன்வாசலாக இருந்த குடா பின்வளவாகிப் போனது. ஊரின் மலசலமும் இயல்பாகவே அங்கேதான் போனது.

1949 முதல் 1974 வரை

நீண்ட காலமாகக் கழிவுநீர் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேரே குடாவுக்குள் விழுந்தது. 1949இல்தான் ஆர்கேட்டா முதல்நிலைச் சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டியது. முதல்நிலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை: திண்மங்களை வடிகட்டி, மிச்சத்தை மண்டவிட்டு, மேலே நிற்கும் நீரை வெளியே விடுவது. 1957இல் ஒட்சியேற்றக் குளங்கள் சேர்ந்தன. இந்தப் பெரிய ஆழமற்ற குளங்களில் நீர் பல நாட்கள் தங்கும். வெயிலில் அல்கா வளர்ந்து ஒட்சிசன் விடும். அந்த ஒட்சிசனைப் பாவித்துப் பற்றீரியா கழிவைத் தின்னும். 1966இல் கிருமிகளைக் கொல்லக் குளோரீன் சேர்த்தார்கள். குளோரீன் மீனையும் கொல்லும் என்பதால் 1975இல் குடாவுக்கு விடுமுன் அதை அகற்றும் ஏற்பாடும் வந்தது. ஒரு சின்ன ஊர் தன் வருமானத்துக்கு ஏற்ப மெல்ல மெல்ல முன்னேறிய கதைதான் இது.

அதற்குள் மேலே காற்று மாறிவிட்டது. அமெரிக்கா முழுக்க ஆறுகளும் ஏரிகளும் நாறிப்போயிருந்த காலம். 1972இல் தூய நீர்ச் சட்டம் வந்தது. சுத்திகரிப்பு நிலையம் கட்டும் செலவில் நூற்றுக்கு 75 பங்கை மத்திய அரசே தரும் என்றார்கள். 1974இல் கலிஃபோர்னியா மாநிலம் இன்னொரு கொள்கையைக் கொண்டுவந்தது. மூடிய குடாக்களுக்குள்ளும் கழிமுகங்களுக்குள்ளும் கழிவுநீரை விடுவதை அது தடுத்தது. ஒரேயொரு விலக்கு மட்டும் இருந்தது: விடப்படும் நீர் அந்தக் குடாவை மேம்படுத்துமானால் விடலாம்.

அந்த விலக்கை அப்போது யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கழிவுநீர் எங்கேயாவது ஒரு குடாவை மேம்படுத்துமா?

பெரிய குழாய்

அதிகாரிகளுக்கு விடை எளிதாகத் தெரிந்தது. குடாவைச் சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பொது நிலையம் கட்ட வேண்டும். ஊர்களின் கழிவுநீரைக் குழாய்களில், குடாவின் அடியாலும், கொண்டுபோய்ச் சுத்திகரித்து ஆழ்கடலில் விட வேண்டும். இதற்காக ஹம்போல்ட் குடாக் கழிவுநீர் அதிகாரசபை 1975இல் உருவானது. மதிப்பிட்ட செலவு ஏறிக்கொண்டே போய் ஐந்து கோடி டொலரைத் தாண்டியது.

கேட்க நல்ல திட்டம் போலத்தான் இருக்கும். முக்கால் பங்குக் காசை மத்திய அரசு தருகிறது, மாநிலமும் கொஞ்சம் தருகிறது, ஊருக்கு என்ன நட்டம்? ஆர்கேட்டாவில் சிலர் கணக்கை வேறு மாதிரிப் போட்டுப் பார்த்தார்கள். கட்டுவதற்குக் காசு தருவார்கள், சரி. ஓட்டுவதற்கு யார் தருவது? பம்பிகள் இரவு பகலாக ஓட வேண்டும். மின்சாரக் கட்டணம், திருத்தவேலை, ஆட்களின் சம்பளம் எல்லாம் வருடாவருடம் ஊர்ச்சனம்தான் கட்ட வேண்டும். நிலநடுக்கம் அடிக்கடி வரும் பிரதேசத்தில் குடாவுக்கு அடியால் குழாய் போட்டால் அது உடைந்த அன்றைக்கு என்ன செய்வது? குழாய் போகும் வழியெல்லாம் வீடுகள் முளைத்து, மேய்ச்சல் தரைகள் குடியிருப்பாகிவிடாதா?

இந்தக் கேள்விகளுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. மாநிலத்தின் கவலை பொய்யான கவலை இல்லை. அரைகுறையாய்ச் சுத்திகரித்த நீர் குடாவுக்குள் போய்க்கொண்டுதான் இருந்தது. அதே குடாவில் சிப்பி வளர்க்கிறார்கள். கலிஃபோர்னியாவில் விளையும் சிப்பிகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது. ஆகவே "பெரிய திட்டம் வேண்டாம்" எண்டு கத்தினால் மட்டும் போதாது. அப்ப என்ன செய்யப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு ஊர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு

ஆர்கேட்டா அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டது. மேம்படுத்துமானால் விடலாம் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? மேம்படுத்திக் காட்டுகிறோம்.

1977இல் நகரசபை ஒரு செயற்குழுவை அமைத்தது. நகரசபை உறுப்பினரான டான் ஹவுசர், பொதுவேலைப் பணிப்பாளர் பிராங்க் கிளொப், உள்ளூரிலிருந்த ஹம்போல்ட் அரச பல்கலைக்கழகத்தின் மீன்வளப் பேராசிரியர் ஜோர்ஜ் அலன், அதே பல்கலைக்கழகத்தின் சூழல் பொறியியல் பேராசிரியர் ரொபேர்ட் கியர்ஹார்ட் ஆகியோரின் பெயர்கள் இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வரும். ஒருவர் அரசியல்வாதி, ஒருவர் குழாயும் பம்பியும் தெரிந்த அதிகாரி, இரண்டு பேர் ஆய்வாளர்கள். இந்தச் சேர்க்கை கிடைத்தது ஊரின் அதிர்ஷ்டம்.

அலன் ஏற்கனவே ஒரு விசித்திரமான வேலையைச் செய்துகொண்டிருந்தார். சுத்திகரித்த கழிவுநீரையும் குடாவின் உப்புநீரையும் கலந்து, அந்தக் குளத்தில் சல்மன் மீன் குஞ்சுகளை வளர்த்தார். கழிவுநீரில் இருக்கும் நைதரசனும் பொசுபரசும் சின்ன உயிரினங்களுக்குச் சாப்பாடு, அவை மீன் குஞ்சுக்குச் சாப்பாடு. குடாவுக்குப் பாரம் என்று எல்லோரும் சொன்ன நீர் சரியாகக் கையாண்டால் உணவாகும் என்பதை அவர் கண்முன்னே காட்டியிருந்தார்.

இதைத் தொட்டுக்கொண்டு வந்ததுதான் சதுப்புநில யோசனை. ஒட்சியேற்றக் குளத்திலிருந்து வரும் நீரை, கைவிடப்பட்ட ஆலை நிலத்திலும் மூடிய குப்பைமேட்டின் பக்கத்திலும் உருவாக்கும் சதுப்புகளின் வழியாக விடுவோம். அங்கே பறவை வரும், மீன் வரும், சனம் நடந்து திரியும். பிறகு அந்த நீர் குடாவுக்குப் போகும். குடா மேம்பட்டதா இல்லையா எண்டு நீங்களே பாருங்கோ.

நீர்வளச் சபைகள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் விடாமல் மேன்முறையீடு செய்தது, கூட்டங்களுக்குப் போனது, தரவு கேட்டால் தரவு கொடுத்தது. கடைசியில் சோதனைத் திட்டமொன்றுக்கு அனுமதி கிடைத்தது. 1979 முதல் 1982 வரை, சின்னச் சின்னப் பாத்திகளில் கோரையும் சம்பும் நட்டு, கழிவுநீரை விட்டு, உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் அளந்துகொண்டே இருந்தார்கள். பெரும்பகுதி வேலை பல்கலைக்கழக மாணவர்களுடையது. எங்கள் வயதுப் பிள்ளைகள் சப்பாத்தெல்லாம் சேறாக நின்று போத்தலில் கழிவுநீர் எடுத்துத்தான் இந்தச் சண்டையில் வெல்வதற்கான ஆதாரத்தைத் திரட்டினார்கள்.

1983இல் மாநிலம் அனுமதி கொடுத்தது. பொதுத் திட்டம் கலைந்தது. பக்கத்திலிருந்த பெரிய ஊரான யுரேக்கா தன் பாட்டில் ஒரு நிலையத்தைக் கட்டிக்கொண்டது. 1986 முதல் ஆர்கேட்டாவின் முழுக் கழிவுநீரும் சதுப்புகளின் வழியாகப் போகத் தொடங்கியது. அந்தச் சதுப்புகளுக்கு அலன், கியர்ஹார்ட், ஹவுசர் என்றும், பக்கத்து நீர்நிலைக்குக் கிளொப் ஏரி என்றும் பெயர் வைத்தார்கள். கழிவுநீர் ஓடும் இடத்துக்குத் தன் பெயர் வைத்ததைப் பெருமையாக எடுத்துக்கொண்ட அரசியல்வாதியை வேறெங்கே பார்க்கலாம்?

புல் என்ன செய்கிறது?

சதுப்பு மந்திரம் ஒன்றும் செய்யவில்லை. கழிவுநீர் முதலில் வழமைபோலச் சல்லடை, மணல் நீக்கும் தொட்டி, மண்டவிடும் தொட்டி எல்லாம் தாண்டித்தான் வருகிறது. அடியில் மண்டும் சேறு தனியாகச் செரிக்கவைக்கப்பட்டு உரமாகிறது. பிறகு நீர் ஒட்சியேற்றக் குளங்களுக்குப் போகிறது.

குளத்துக்கு ஒரு குறை இருக்கிறது. அங்கே வளரும் அல்கா நீரோடு சேர்ந்தே வெளியே வரும். சட்டம் ஒரு லீற்றரில் 30 மில்லிகிராம் தொங்கல் திண்மத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. பச்சை நிறத்தில் வரும் குளத்து நீர் அந்த அளவைத் தாண்டிவிடும். இங்கேதான் கோரை வருகிறது. நெருக்கமாக வளரும் கோரை வெயிலை மறைக்கும். வெயில் இல்லாவிட்டால் அல்கா செத்து அடியில் மண்டும். நீருக்குள் நிற்கும் தண்டுகளிலும் விழுந்த சருகுகளிலும் வழுவழுப்பாகப் பற்றீரியாப் படலம் ஒட்டியிருக்கும். மிச்சக் கழிவை அது தின்னும். நீர் மெதுவாக நகரும், அதனால் எல்லாம் படிய நேரம் கிடைக்கும். வடிகட்டும் இயந்திரத்துக்குப் பதிலாக நிழலும் நேரமும் வேலை செய்கின்றன.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. சனம் நடமாடும் சதுப்புக்குள் விடுவதற்கு முன் நீருக்குக் குளோரீன் போட்டுக் கிருமி நீக்கினார்கள். சதுப்புக்குள் போன நீரில் ஆயிரக்கணக்கான பறவைகள் எச்சமிட்டன. ஆகவே குடாவுக்கு விடுமுன் இன்னொரு தடவை கிருமி நீக்க வேண்டியிருந்தது. இயற்கையிடம் விட்டால் எல்லாம் தானாகச் சரிவரும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆர்கேட்டாவின் சதுப்பு தினமும் ஆட்கள் பார்த்துப் பராமரிக்கும் ஒரு பொதுவேலை.

இன்று அந்தச் சரணாலயம் 307 ஏக்கர். 300க்கு மேற்பட்ட பறவையினங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. பழைய குப்பைமேட்டின் மேல் புல் முளைத்திருக்கிறது. சனம் மாலையில் நடக்க வருகிறது, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவருகிறார்கள். 1987இல் போர்ட் அறக்கட்டளையின் புத்தாக்க விருதும் ஒரு இலட்சம் டொலரும் கிடைத்தன. கழிவுநீரை ஒளித்துவைக்காமல் ஊரின் மிக அழகான இடமாக மாற்றியதுதான் எங்களுக்குப் பெரிய விசயமாகத் தெரிகிறது. தன் கழிவு எங்கே போகிறது என்பதை அந்த ஊரின் ஒவ்வொரு பிள்ளையும் நடந்துபோய்ப் பார்க்கலாம்.

வெற்றிக்குப் பிறகு

இதை அப்படியே எடுத்து எங்கேயும் நடலாமா? முடியாது. ஆர்கேட்டா 1980இல் பன்னிரண்டாயிரம் பேரைச் சற்றுத் தாண்டிய ஊர். பெரிய தொழிற்சாலைக் கழிவு இல்லை. கைவிடப்பட்ட நிலம் கையில் இருந்தது. குளிர்ந்த கரை. வெப்பநாட்டில் யாராவது சதுப்பு கட்டப்போனால் நுளம்பு பற்றிய கேள்விதான் முதலில் வர வேண்டும். நிலத்தடி நீரைக் குடிக்கும் ஊரில் அடித்தளம் ஒழுகுமா என்று பார்க்காமல் ஒரு பாத்தியும் வெட்டக்கூடாது.

ஆர்கேட்டாவுக்கே இப்போது நெருக்கடி வந்திருக்கிறது. கலிஃபோர்னியாக் கரையில் கடல்மட்டம் சார்பளவில் மிக வேகமாக உயரும் இடம் ஹம்போல்ட் குடா. கடல் ஏறுகிறது, நிலமும் தாழ்கிறது. சுத்திகரிப்பு நிலையமும் சதுப்பும் பழைய அணைகளுக்குப் பின்னால், தாழ்ந்த நிலத்தில்தான் இருக்கின்றன. மேய்ச்சலுக்காகக் கடலிடமிருந்து எடுத்த நிலத்தைக் கடல் திருப்பிக் கேட்கிறது. பழசாகிப்போன நிலையத்தைப் புதுப்பிக்கவும், குளோரீனை விட்டுப் புறஊதாக் கதிருக்கு மாறவும் ஊர் பெருந்தொகை செலவழிக்கிறது. இவ்வளவு காசைக் கொட்டி அதே இடத்தில் இருப்பதா, மேட்டுக்கு நகர்வதா என்ற கேள்வி ஊருக்குள் இருக்கிறது. 1977இல் இருந்ததைப் போலவே இதற்கும் ஆயத்த விடை இல்லை.

இன்னொரு கணக்கும் மிச்சமிருந்தது. ஆர்கேட்டா தன் கழிவைத் தானே பொறுப்பெடுத்த ஊர் என்று பாராட்டுகிறோம். அதே குடாவின் நடுவில், துலுவாட் தீவில், கொலைக்குப் பிறகு வந்தவர்கள் படகு திருத்தும் பட்டறை நடத்தி மண்ணை நஞ்சாக்கிவிட்டுப் போனார்கள். வியோட் மக்கள் 2000இல் அந்த இடத்தில் ஒன்றரை ஏக்கரைக் காசு கொடுத்து வாங்கினார்கள். தங்கள் சொந்த மண்ணை! பிறகு வருடக்கணக்காக நஞ்சு நிறைந்த மண்ணை அகற்றித் துப்புரவாக்கினார்கள். 1860இல் இடைநடுவில் அறுந்த அந்தச் சடங்கை 2014இல் அதே இடத்தில் செய்து முடித்தார்கள். 2019இல் யுரேக்கா நகரசபை தன்னிடமிருந்த தீவின் மிச்ச நிலத்தையும் அவர்களிடம் திருப்பிக் கொடுத்தது.

ஆக, ஒரே குடாவில் இரண்டு துப்புரவுகள் நடந்திருக்கின்றன. ஒன்றில் ஒரு ஊர் தன் அழுக்கைத் தானே எடுத்தது, அதற்கு விருதும் பெயரும் கிடைத்தன. மற்றதில் பறிகொடுத்தவர்களே பறித்தவர்களின் அழுக்கையும் அள்ளினார்கள். சதுப்புநிலத்தின் புகழைப் படிக்கும்போது தீவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எங்கட ஊர்களில் யாருடைய அழுக்கை இவ்வளவு காலமும் யார் அள்ளினார்கள் என்ற கேள்விக்கும் அங்கிருந்துதான் போக முடியும்.